கத்திக்கொண்டே கேட்கும் கருவி

ஈரோட்டில் ஒருவர், தருமபுரியில் ஒருவர். இருவர் கையிலும் 5 வாட் ஆற்றலுள்ள வாக்கி-டாக்கி இருக்கிறது. இருவரும் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவர்கள். அதாவது, வருவாய்க்காக அல்லாமல் ஆர்வத்திற்காகவும் ஆராய்ச்சிக்காகவும் வானொலியில் பேச அரசின் அனுமதி பெற்ற ‘ஹாம்’கள். இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியுமா?

முடியாது. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம். இவர்கள் பயன்படுத்தும் அலைகளோ 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையவை. இந்த அலைகள் ஒளியைப் போலவே பெரும்பாலும் நேராகச் செல்லும்; பூமியின் வளைவோடு வளைந்து போகத் தெரியாதவை. ஓர் ஆண்டெனாவிலிருந்து புறப்படும் அலை தொடுவானம் வரை எத்தனை கிலோமீட்டர் செல்லும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்க வேண்டும். கையில் பிடித்த கருவியின் உயரம் 1.5 மீட்டர் என்றால் விடை 5 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 10. அதுவும் வெட்டவெளியில்தான். கட்டடங்களும் மரங்களும் நிறைந்த ஊரில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது.

இப்போது ஏற்காட்டை நினைத்துப் பாருங்கள். சேர்வராயன் மலையின் உச்சிப் பகுதி, சுற்றியுள்ள சமவெளியைவிட 1,000 மீட்டருக்கு மேல் உயரமானது. 1,000 இன் வர்க்கமூலம் 31.6. அதை 4.12 ஆல் பெருக்கினால் 130 கிலோமீட்டர்! ஏற்காட்டிலிருந்து ஈரோடு சுமார் 72 கிலோமீட்டர், தருமபுரி சுமார் 40 கிலோமீட்டர். வேறு சிகரங்கள் மறைக்காத இடமாகப் பார்த்து மேலே ஒரு கருவியை வைத்து, அது ஈரோட்டுக்காரரின் குரலைக் கேட்டு அதே கணத்தில் உரக்கத் திருப்பிச் சொன்னால் தருமபுரிக்காரருக்குக் கேட்டுவிடும். இந்தக் கருவிதான் ‘ரிப்பீட்டர்’. தமிழில் மறுபரப்பி என்று சொல்லலாம்.

“கையில் செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் கோபுரம் ஒவ்வொன்றும் சில கிலோமீட்டர் சுற்றளவை மட்டுமே கவனிப்பது. ஒரு மாவட்டத்திற்கு நூற்றுக்கணக்கான கோபுரங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றோடொன்று கண்ணாடி இழையாலோ நுண்ணலையாலோ இணைந்திருக்கவும் வேண்டும். மலைமேல் உள்ள ரிப்பீட்டருக்கு ஒரு லாரி பாட்டரி போதும். ஒரே பெட்டி இரண்டு மூன்று மாவட்டங்களைப் பார்த்துக்கொள்ளும்.

புதிதாக வாங்கினால் இதன் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். ஆனால் உள்ளே இருப்பது என்ன? ஓர் ஏற்பி, ஒரு பரப்பி, இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு மின்சுற்று. பழைய கார் வானொலித் தொடர்புக் கருவிகள் இரண்டு கிடைத்தால் முக்கால் வேலை முடிந்தது. ஒன்று கேட்பதற்கு, மற்றது பேசுவதற்கு.

பழைய சரக்கில் ரிப்பீட்டர் கட்டும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆர்ட் ஜென்ட்ரி என்ற ஹாம் 1950 களிலேயே ஒன்றை அமைத்து இயக்கினார். ஆனால் இந்த வழக்கம் அங்கே பரவலானதற்குக் காரணம் எந்தக் கண்டுபிடிப்பும் அல்ல, ஓர் அரசாணை! டாக்சிகளும் காவல்துறையும் பயன்படுத்திய பண்பலைக் கருவிகளில், பேச்சுக்கு ஏற்ப அதிர்வெண் இருபுறமும் 15 கிலோஹெர்ட்ஸ் வரை விலகிக்கொண்டிருந்தது. அதை 5 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தால் அதே இடத்தில் இன்னும் பல நிலையங்களை அடக்கலாம். 1960 களில் அந்த மாற்றம் கட்டாயமானபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய செட்டுகள் மலைமலையாகக் கழிக்கப்பட்டன. ஹாம்கள் அவற்றைப் பொறுக்கி வந்து குன்றுகளின் மேல் வைத்தார்கள். நம் நாட்டிலும் செல்போன் பரவியபின் கால் டாக்சிகளும் சரக்கு வண்டிகளும் கைவிட்ட செட்டுகள் உண்டு. அவற்றை வாங்குமுன் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்க வேண்டும். 136–174 என்றோ 136–162 என்றோ போட்டிருந்தால் நல்லது. 146–174 என்றிருந்தால் நமக்கு வேண்டிய 145 விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. சில பழைய செட்டுகளில் அதிர்வெண்ணை மாற்றி எழுத அதே வயதுள்ள பழைய கணிப்பொறி வேண்டும். அதையும் எங்காவது மூலையிலிருந்து தூசி தட்டி எடுக்க வேண்டியதுதான்.

எங்கே சங்கடம்?

இரண்டு செட்டுகளையும் கம்பியால் இணைத்துவிட்டால் ரிப்பீட்டர் ஆகிவிடுமா? ஆகாது. உண்மையான இயற்பியல் இங்குதான் தொடங்குகிறது.

நல்லதோர் ஏற்பிக்கு 0.25 மைக்ரோவோல்ட் சைகை வந்தாலே பேச்சு புரியும். 50 ஓம் மின்தடையில் அதன் திறனைக் கணக்கிடுங்கள். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் 1.25 × 10 இன் −15 ஆம் அடுக்கு வாட் வரும். பக்கத்திலேயே உள்ள பரப்பி 10 வாட்டில் கத்துகிறது. 10 ஐ அந்தச் சிறு எண்ணால் வகுத்தால், கத்தல் முணுமுணுப்பைவிட 80 கோடி கோடி மடங்கு பெரிது! கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாயின் வாயில் காதை வைத்துக்கொண்டு, அடுத்த ஊரில் ஒருவர் இரகசியம் பேசுவதைக் கேட்க முயல்வது போன்ற நிலைமை. ரிப்பீட்டரோ பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டிய கருவி.

ஆகவே கேட்பதற்கு ஓர் அதிர்வெண், பேசுவதற்கு வேறோர் அதிர்வெண் வைக்கிறோம். 145.1 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.7 மெகாஹெர்ட்ஸில் பேசுவதாகக் கொள்வோம். 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்பது கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் 145 மெகாஹெர்ட்ஸில் அது அரை சதவீதம்கூட இல்லை. பரப்பியின் பேரலை ஏற்பியின் முதல் கட்டத்தையே திணறடித்து மந்தமாக்கிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. எந்தப் பரப்பியும் தனக்குரிய அதிர்வெண்ணில் மட்டும் பேசுவதில்லை. இருபுறமும் மெல்லிய இரைச்சலையும் தூவிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தூவல் 145.1 இலும் விழும். ஏற்பி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தன் அதிர்வெண்ணிலேயே வந்து விழும் இரைச்சலை அதனால் ஒதுக்க முடியாது. அதை இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே, அதாவது பரப்பியின் வாயிலிலேயே தடுத்தாக வேண்டும்.

ஏற்பியின் சொந்தத் திறமை போக, வெளியிலிருந்து நாம் சுமார் 80 முதல் 90 டெசிபல் தடுப்பு தர வேண்டும். 90 டெசிபல் என்றால் நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைப்பது.

இரண்டு ஆண்டெனாக்களைத் தூரத் தூர வைத்தால் என்ன? வைக்கலாம். பக்கவாட்டில் 20 மீட்டர் பிரித்தால் சுமார் 42 டெசிபல்தான் கிடைக்கும். அதே 20 மீட்டரை ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாகப் பிரித்தால் சுமார் 67 டெசிபல் கிடைக்கிறது. செங்குத்தான ஆண்டெனா தன் தலைக்கு மேலும் காலடியிலும் அலைகளை அதிகம் அனுப்புவதில்லை என்பதே காரணம். இலவசமாகக் கிடைக்கும் இந்தத் தடுப்பை விடக்கூடாது. ஆனாலும் 90 வரவில்லையே! தவிர, மலையுச்சியில் அவ்வளவு உயரக் கம்பம் நிறுத்துவதும் காற்றில் அதைக் காப்பதும் எளிதல்ல.

செம்புக் குழாயில் ஒத்ததிர்வு

மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் ஒத்ததிர்வுத் தம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். நீர் நிரம்பிய குழாயின் வாயில் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பிடித்து நீர்மட்டத்தை மெல்ல இறக்கினால், காற்றுத் தம்பம் சுமார் 16.7 சென்டிமீட்டர் நீளமாகும்போது ஒலி திடீரென்று பெரிதாகிறது. அது ஒலி அலைநீளத்தின் கால் பங்கு. ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் உள்ள குழாய், தன் கால் அலைநீளத்திற்குப் பொருந்தும் அலையை மட்டும் வரவேற்கிறது.

வானொலி அலைக்கும் இதே விதிதான். 145.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.07 மீட்டர், அதில் கால் பங்கு 51.7 சென்டிமீட்டர். ஒரு பெரிய உலோக உருளை. அதன் நடுவே அந்த நீளத்திற்கு ஒரு செம்புக் குழாய். குழாயின் ஒரு முனை உருளையின் மூடியோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மறுமுனை காற்றில் நிற்கும். இதுதான் வானொலியின் ஒத்ததிர்வுத் தம்பம். இதைப் பரப்பிக்கோ ஏற்பிக்கோ செல்லும் கேபிளின் ஓரத்தில் கிளைபோல் இணைத்தால், தனக்குப் பொருந்திய அதிர்வெண்ணை மட்டும் தன்பால் இழுத்து விழுங்கிவிடும், மற்றதைப் போகவிடும். ஓர் உருளை சுமார் 30 டெசிபல், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். மூன்றை அடுத்தடுத்து வைத்தால் ஆயிரத்தில் ஒன்றின் ஆயிரத்தில் ஒன்றின் ஆயிரத்தில் ஒன்று. நூறு கோடியில் ஒரு பங்கு ஆகிவிட்டது அல்லவா?

பரப்பியின் பக்கம் மூன்று, ஏற்பியின் பக்கம் மூன்று, ஆக ஆறு உருளைகள். இந்தத் தொகுதிக்கு டூப்ளெக்சர் என்று பெயர். இது இருந்தால் ஒரே ஆண்டெனாவே கேட்கவும் பேசவும் போதும். இதில் மாணவர்கள் முதலில் கேட்டதும் சிரிக்கும் ஒரு விஷயம் உண்டு. பரப்பிப் பக்கத்து உருளைகளை ஏற்பியின் அதிர்வெண்ணுக்கும், ஏற்பிப் பக்கத்து உருளைகளைப் பரப்பியின் அதிர்வெண்ணுக்கும் சுருதி சேர்க்க வேண்டும். மாற்றிச் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கமும் அடுத்தவருக்குத் தொல்லை தருவதையே விழுங்க வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. உருளையின் உள்விட்டம் நடுக்குழாயின் வெளிவிட்டத்தைப் போல் 3.6 மடங்கு இருந்தால் இழப்பு மிகக் குறைவு என்று கணிதம் சொல்கிறது. குளிர்சாதன வேலைக்கு வாங்கும் 28 மில்லிமீட்டர் செம்புக் குழாயும் 10 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள அலுமினிய அல்லது செம்பு உருளையும் அதற்குச் சரியாகப் பொருந்துகின்றன. பழைய இரும்புக் கடையில் தேடினால் இரண்டும் எடைக்குக் கிடைக்கும். உட்புறம் மட்டும் பளபளவென்று இருக்க வேண்டும். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே போவதில்லை. மேற்பரப்பில் சுமார் 5.5 மைக்ரான் ஆழத்திற்குள்ளேயே ஓடிவிடுகிறது. அது தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குழாய் முழுவதும் வெள்ளியாக இருந்தாலும் வெறும் முலாமாக இருந்தாலும் மின்னோட்டத்திற்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

பணம் குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும். எங்கள் துறை மாணவர்கள் மூவர் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் ஆறு உருளைகளோடு கழித்தார்கள். நடுக்குழாயின் முனையை ஒரு மில்லிமீட்டர் நீட்டினால் 280 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் உள்ளது கலைந்துவிடும். வீணைக்குச் சுருதி சேர்ப்பவரைப் பார்த்திருந்தால் உங்களுக்குப் புரியும். முன்பு இதைச் செய்யப் பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஆய்வகக் கருவி வேண்டும். இப்போது நானோ வி.என்.ஏ. என்ற உள்ளங்கை அளவுக் கருவி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. உருளை விழுங்கும் அதிர்வெண் அதன் திரையில் ஒரு பள்ளமாகத் தெரியும். ஆனால் அதனால் 90 டெசிபல் ஆழத்தை அளக்க முடியாது. ஆகவே ஒவ்வோர் உருளையையும் தனித்தனியே சரிசெய்துவிட்டுப் பிறகு சேர்ப்பதே நல்லது.

வெப்பமும் விளையாடும். செம்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு நீள்கிறது. பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் நம் குழாயின் நீளம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட மாறாது. ஆனாலும் சுருதி 25 கிலோஹெர்ட்ஸ் விலகிப்போகிறது! இரவில் நன்றாக வேலை செய்த ரிப்பீட்டர் நண்பகலில் காது மந்தமாவதற்கு இதுவும் காரணமாகலாம். இதற்காகத்தான் தொழிற்சாலை உருளைகளில் முனையைப் பிடித்திருக்கும் தண்டை இன்வார் என்ற உலோகக் கலவையால் செய்கிறார்கள். இரும்பும் நிக்கலும் கலந்த இது, செம்பில் ஏறத்தாழ பதினாலில் ஒரு பங்குதான் நீளும். இதை 1896 இல் கண்டுபிடித்த சார்லஸ் எடுவார்ட் கியோம் 1920 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். கழித்துப்போட்ட உருளை எங்காவது கிடைத்தால், வேறு எதற்கு இல்லாவிட்டாலும் அந்தத் தண்டுக்காகவே வாங்கலாம்.

உருளைகளே இல்லாமல் முடியாதா? முடியும், அதிர்வெண்களை வெகுதூரம் பிரித்துவிட்டால். 2005 ஆம் ஆண்டு மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏவூர்தி ஹாம்சாட் என்ற 42.5 கிலோகிராம் எடையுள்ள சிறு செயற்கைக்கோளையும் சுமந்து சென்றது. அது ஹாம்களுக்காக வானத்தில் வைத்த ஒரு மறுபரப்பி. 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கேட்டு 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் திருப்பி அனுப்பியது. 2014 இல் அதன் பாட்டரி கெட்டுப்போகும் வரை உழைத்தது. இடைவெளி 290 மெகாஹெர்ட்ஸ் என்னும்போது சிறு வடிகட்டிகளே போதும். தரையிலும் இப்படிச் செய்யலாம். செலவு இன்னும் குறையும். ஆனால் பேசுபவர் ஒவ்வொருவரிடமும் இரண்டு அலைப்பகுதிகளிலும் இயங்கும் கருவி இருக்க வேண்டும். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவரிடம் இருப்பது ஒரே ஒரு பழைய செட்டாக இருந்தால்? ஆகவே என் ஓட்டு உருளைகளுக்கே.

மற்ற சில்லறை வேலைகள்

ஏற்பியில் சைகை வந்ததும், இரைச்சலை அடக்கி வைத்திருக்கும் சுற்று திறக்கும். அங்கிருந்து ஒரு கம்பி எடுத்து ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர் வழியாகப் பரப்பியின் ‘பேசு’ பொத்தானுக்குக் கொடுத்தால் அது தானே இயங்கும். பேச்சு முடிந்த பின்னும் இரண்டு விநாடி பரப்பி ஓடட்டும். பொத்தானை விட்டதும் அந்த இரண்டு விநாடி வாலைக் கேட்பவர், தம் குரல் மலையை எட்டியது என்று அறிந்துகொள்வார். மூன்று நிமிடத்திற்கு மேல் ஒருவரே பேசினால் பரப்பி தானாக நின்றுவிட வேண்டும். கார் இருக்கையின் அடியில் விழுந்த ஒலிவாங்கியின் பொத்தான் அழுந்தியே கிடந்தால் மாவட்டம் முழுவதும் அந்தக் காரின் எஞ்சின் ஓசையைத்தான் கேட்க வேண்டியிருக்கும்! இந்த நேரக் கணக்குகளுக்கெல்லாம் 555 சில்லுகள் இரண்டு போதும். சிறிய நுண்கட்டுப்படுத்தி கிடைத்தால் அதுவே ரிப்பீட்டரின் அழைப்புக் குறியையும் இடையிடையே மோர்ஸ் ஒலியில் அனுப்பிவிடும்.

கார் செட்டில் 25 வாட் என்று எழுதியிருக்கும். அது அரை நிமிடம் பேசி ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கும் ஓட்டுநருக்காகச் செய்தது. ரிப்பீட்டருக்கு ஓய்வே இல்லை. 10 வாட்டாகக் குறைத்து, பழைய கணிப்பொறியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் மின்விசிறி ஒன்றைப் பின்னால் பொருத்துங்கள். 25 லிருந்து 10 க்கு இறங்கினால் இழப்பு வெறும் 4 டெசிபல். கேட்பவருக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. அதைவிடக் கேபிளில் கவனம் வையுங்கள். மெலிந்த ஆர்.ஜி. 58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால் மேலே போய்ச் சேர்வது கால் பங்கு ஆற்றல்தான். தடித்த ஆர்.ஜி. 213 இல் பாதிக்குச் சற்று மேல் சேரும். உருளைகளை இணைக்கும் குட்டிக் கேபிள்கள் இரட்டைக் கவசம் உள்ளவையாக இருக்கட்டும். 90 டெசிபலுக்குப் பாடுபட்டுவிட்டு, ஒட்டைக் கேபிளின் வலை வழியே அதைக் கசியவிட்டால் என்ன பயன்? கம்பத்தில் துருப்பிடித்த திருகாணி இருந்தால்கூட அது ஒரு டையோடு போல நடந்து இரைச்சலைக் கிளப்பும். மலைக்குக் கொண்டு போகுமுன் பித்தளையோ எவர்சில்வரோ மாற்றிவிடுங்கள். மின்னலுக்கு நல்ல தரையிணைப்பும் அவசியம்.

மின்சாரக் கணக்கு இது: சும்மா இருக்கும்போது 0.5 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. பேசும்போது 3 ஆம்பியர் வீதம் இரண்டு மணி நேரத்திற்கு 6. ஆக மொத்தம் 18. 75 ஆம்பியர்-மணி பாட்டரியைப் பாதிவரை மட்டும் இறக்கினால் வெயிலே இல்லாமல் இரண்டு நாள் ஓடும். 100 வாட் சூரியத் தகடு ஒன்று நல்ல வெயிலில் ஐந்து மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் திருப்பித் தரும்.

உரிமம் இல்லாமல் பரப்பி எதையும் இயக்கக்கூடாது. ரிப்பீட்டருக்குத் தனி அனுமதியும் பெற வேண்டும். 1978 ஆம் ஆண்டின் அமெச்சூர் வானொலி விதிகள் 12 வயது நிறைந்தவர்களுக்கே தேர்வெழுத இடம் தந்தன. உரிமம் வரும்வரை உருளைகளைச் செய்து சுருதி சேர்த்துப் பழகுவதற்கு யார் தடையும் இல்லை.

எல்லாம் முடிந்ததா என்று அறிய ஒரே ஒரு சோதனை போதும். நண்பர் ஒருவரைத் தூரத்தில் நிறுத்தி, குரல் இரைச்சலில் மூழ்கும் நிலைவரை அவருடைய ஆற்றலைக் குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ரிப்பீட்டரின் ஏற்பியருகே உட்கார்ந்து அதன் ஒலிபெருக்கியைக் கேளுங்கள். பரப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முறை, அதை அணைத்துவிட்டு ஒரு முறை. அணைத்ததும் நண்பரின் குரல் தெளிவடைந்தால் பரப்பியின் கத்தல் இன்னும் ஏற்பியை எட்டுகிறது. உருளைகளிடம் திரும்பிப் போக வேண்டியதுதான். இரண்டு முறையும் ஒன்றுபோலவே கேட்டால் பெட்டியை மலைக்கு ஏற்றலாம்.